ஐந்து வயதுக்கு முன்: வறிய குடும்பங்களின் சிறு பிள்ளைகளும் ஒரு நூற்றாண்டும்

வைத்தியர், சமுதாய மருத்துவத் துறை
பழைய மாணவி, 1999 உயர்தரப் பிரிவு

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் கல்லூரி அன்னையின் வரலாற்றை எழுதப் பலர் முன்வந்திருக்கிறார்கள். அதிபர்மார், கட்டடங்கள், விளையாட்டுப் போட்டிகள், பரிசளிப்பு விழாக்கள் எல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் இடம்பெறும். மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, கல்லூரியின் சேர்வு இடாப்பில் பதியப்படாத ஒரு வரலாற்றை எழுதலாம் என்று எண்ணினேன். சேர்வு இடாப்பு ஒரு பிள்ளையின் ஐந்தாம் வயதில் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் அவள் என்ன உண்டாள், யார் அவளைத் தூக்கி வளர்த்தார்கள், யார் அவளோடு கதைத்தார்கள் என்பது அதில் இல்லை.

மருத்துவத்துறையினராகிய எங்களுக்கோ அந்த ஐந்து ஆண்டுகள்தான் முக்கியமானவை. பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளையின் நிறையில் ஏறத்தாழக் கால்பங்கு. இரண்டு வயதில் அது முக்கால்பங்கை எட்டிவிடுகிறது. கருவுற்ற நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரையுள்ள முதல் ஆயிரம் நாட்களில் ஏற்படும் போசாக்குக் குறைவைப் பின்னர் முழுமையாக ஈடுசெய்வது கடினம். முதலாம் வகுப்பில் அருகருகே அமரும் இரண்டு பிள்ளைகள் ஒரே வயதினராக இருக்கலாம். ஆனால் அவர்கள் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை. வறிய வீட்டுப் பிள்ளை வகுப்பறைக்குள் காலடி வைக்கும்போதே பின்தங்கியிருக்கிறாள் என்றால், அந்த இடைவெளியை நிரப்ப யார் எப்போது முயன்றார்கள்? இக்கேள்விக்கான விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரோமாபுரியும் இலண்டனும்

நம்மூரில் நகரத்து நேர்சரிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் "மொன்ரிசோரி" என்ற சொல்லைக் காண்கிறோம். கட்டணம் சற்று அதிகம், பிள்ளைகளின் சீருடை அழகு என்பதே பலருக்கு அப்பெயரின் பொருள். அதன் பிறப்பு வேறு. மரியா மொன்ரிசோரி 1896ஆம் ஆண்டு உரோமாபுரியில் பட்டம்பெற்ற ஒரு வைத்தியர். இத்தாலியின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, சன் லொறன்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் "பிள்ளைகளின் வீடு" என்ற நிலையத்தைத் தொடங்கினார். அதைத் தொடங்கும்படி அவரிடம் கேட்டவர்கள் அக்குடியிருப்பைப் புதுப்பித்த கட்டட நிறுவனத்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பழுதாக்குகிறார்கள் என்பதே அவர்களது கவலை. சுவரைக் காப்பாற்றுவதற்காகக் கொடுக்கப்பட்ட அறையில் பிள்ளையைக் கூர்ந்து கவனித்து, புதியதொரு கல்வி முறையை ஆக்கினார் ஒரு வைத்தியர்.

அதே காலத்தில் இலண்டன் மாநகரின் தென்கிழக்கே டெப்ரட் என்ற வறிய பகுதியில் ரேச்சல், மார்கிரட் மக்மிலன் என்ற சகோதரிகள் பணியாற்றினார்கள். 1910இல் அங்கே பாடசாலைப் பிள்ளைகளுக்கான மருத்துவ நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். சிரங்கு, கண்நோய், காதில் சீழ், பற்சிதைவு ஆகியவற்றுக்கு இலவசச் சிகிச்சை வழங்கினார்கள். மாறிய பிள்ளைகள் சில வாரங்களில் அதே நோயோடு திரும்பி வந்தார்கள். மருந்து கொடுத்து அனுப்பும் வீட்டில் வெளிச்சமும் இல்லை, குளிக்க நீரும் இல்லை, போதிய உணவும் இல்லை. எனவே நோய் வந்தபின் பார்ப்பதைவிட நோய் வராத ஓரிடத்தை ஆக்குவோம் என்று முடிவு செய்து, 1914இல் திறந்தவெளிப் பாலர் பாடசாலையைத் தொடங்கினார்கள். தோட்டம், வெந்நீர்க் குளிப்பு, மூன்று வேளை உணவு, பகல் தூக்கம், விளையாட்டு, தாய்மாருக்கான கூட்டம் ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் கிடைத்தன. ரேச்சல் 1917இல் காலமானார். மார்கிரட் 1931 வரை அப்பணியை முன்னெடுத்தார்.

சுகாதாரம் ஒரு திணைக்களம், கல்வி வேறொரு திணைக்களம் என்று பழகிப்போன எமக்கு இந்த டெப்ரட் அனுபவம் இன்றும் ஒரு பாடம். மலையகத்தில் நான் பணியாற்றிய காலத்தில், வயிற்றோட்டத்துக்காக ஒரே ஆண்டில் பலமுறை வார்ட்டில் அனுமதிக்கப்பட்ட சிறு பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். சிகிச்சையில் பிழை இல்லை. அவர்கள் திரும்பிச் சென்ற லயத்தின் குடிநீரில்தான் பிழை.

களுத்துறை 1926

இலங்கையில் இந்த வரலாறு மருத்துவிச்சிமாரிடமிருந்து தொடங்குகிறது. 1879ஆம் ஆண்டு கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. ஆயினும் கிராமத்துப் பெண்களிற் பெரும்பாலோர் வீட்டிலேயே பிள்ளை பெற்றார்கள். 1926ஆம் ஆண்டு, அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றத்தின் துணையுடன் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. ஒரு குறித்த நிலப்பரப்பு, அதற்குப் பொறுப்பாக ஒரு வைத்திய அதிகாரி, அவரின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தாதி, வீடுவீடாகச் செல்லும் மருத்துவிச்சி என்பதே அதன் அமைப்பு. அதே அமைப்பு இன்று 350க்கு மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாக நாடெங்கும் விரிந்திருக்கிறது. நம்மில் பிள்ளை பெற்ற எவரும், கர்ப்பம் தரித்தவுடன் பதிவு செய்ய வந்த குடும்பநல மாதுவை மறந்திருக்க மாட்டோம். அவர் வீட்டுப்படலையைத் திறந்து உள்ளே வரும் வழக்கத்துக்கு நூறு வயது.

அந்த வழக்கம் எத்தகைய காலத்தில் வேரூன்றியது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1934-35இல் பரவிய மலேரியாவினால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். 1935இல் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 263 குழந்தைகள் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை, நால்வரில் ஒருவர். 1950இல் அந்த எண் 82 ஆகக் குறைந்தது. 1946இல் தொடங்கிய டிடிடி தெளிப்பு, புதிய மருந்துகள், கிராமிய வைத்தியசாலைகள், உணவு மானியம், பெண்களின் எழுத்தறிவு, வீடு தேடிச் சென்ற மருத்துவிச்சி ஆகிய பல காரணங்கள் அதற்கு உண்டு. இன்று அந்த எண் பத்துக்கும் கீழே.

இக்காலத்துப் பெண்களுள் ஒருவரைக் குறிப்பிடாமல் மேலே செல்ல முடியாது. கனடாவில் பிறந்து 1896இல் மருத்துவ மிஷனரியாக இலங்கை வந்த வைத்தியர் மேரி, தமிழரான ரட்ணம் என்பவரை மணந்து இந்நாட்டவரானார். பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல்கொடுத்தார். 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களுக்குப் போசாக்கு, சுகாதாரம், குழந்தை வளர்ப்பு, கைத்தொழில் ஆகியவற்றைக் கற்பிக்க வழிசெய்தார். கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. 1958இல் மக்சாய்சாய் விருது அவருக்குக் கிடைத்தது. பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமாயின் முதலில் தாயின் கையில் அறிவும் கொஞ்சம் பணமும் இருக்க வேண்டும் என்பதை வைத்தியசாலைக்கு வெளியே நின்று செயலிற் காட்டியவர் அவர்.

பிள்ளைக்காம்பரா

களுத்துறைத் திட்டம் கிராமங்களுக்குப் பரவிய வேகத்தில் தோட்டங்களுக்குள் செல்லவில்லை. தோட்டத்தின் எல்லைக்குள் சுகாதாரம் துரைமாரின் பொறுப்பு என்ற நிலை, 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் கீழும் தொடர்ந்தது. டிஸ்பென்சரியும் தோட்டத்தினுடையது, பாடசாலையும் தோட்டத்தினுடையது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். காலையில் பிரட்டுக்களத்துக்குச் சென்றாக வேண்டும். கைக்குழந்தையை மலைக்குக் கொண்டுபோக முடியாது. இத்தேவையிலிருந்து பிறந்ததே பிள்ளைக்காம்பரா. சில தோட்டங்களில் பிள்ளைமடுவம் என்பார்கள். ஒரு நீண்ட அறை, கூரை மரத்தில் தொங்கும் சேலைத் தொட்டில்கள், மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாத வயதில் உள்ள ஓர் ஆயா. பால் கொடுக்கத் தாய் இடையில் இறங்கி வருவாள். உரோமாபுரியில் சுவருக்காகப் பிள்ளைகளின் வீடு உண்டானது. மலையகத்தில் கொழுந்துக்காகப் பிள்ளைக்காம்பரா உண்டானது. இரண்டிலும் பிள்ளையின் தேவை பின்னரே கவனிக்கப்பட்டது. ஒரு வேறுபாடு உண்டு. சன் லொறன்சோவில் ஒரு வைத்தியர் பக்கத்தில் அமர்ந்து பிள்ளைகளைக் கவனித்தார். எமது பிள்ளைக்காம்பராக்களில் நெடுங்காலம் அப்படி யாரும் அமரவில்லை.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் ஒரு முக்கியமான படி. அதற்குப் பின்னர் வந்த திருத்தங்கள், ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலைநேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை உறுதிசெய்தன. பிள்ளை பராமரிப்பு அறை இருந்தால் ஒவ்வோர் இடைவேளையும் 30 நிமிடம். இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். சட்டம் இருந்தும், கேட்பதற்குக் குரல் இருக்க வேண்டுமே? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாத தாயின் பிள்ளைக்காகப் பாராளுமன்றத்தில் பேச ஆளில்லாத காலம் பல தசாப்தங்கள் நீடித்தது. 1970களின் நடுப்பகுதியில் ஏற்பட்ட உணவுத் தட்டுப்பாட்டின்போது மிகமோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் தோட்டத்து மக்களே.

1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இலிருந்து தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. அதற்குப் பின்னரே வெளிநாட்டு உதவியுடன் பழைய மடுவங்கள் திருத்தப்பட்டன. பயிற்சிபெற்ற இளம் பெண்கள் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நியமிக்கப்பட்டார்கள். பிள்ளைக்காம்பரா "சிறுவர் அபிவிருத்தி நிலையம்" ஆயிற்று. சுவரில் படங்கள், நிறை பார்க்கும் தராசு, கைகழுவும் தொட்டி, பாட்டு, கதை ஆகியன வந்தன. எல்லாத் தோட்டங்களிலும் ஒரே தரத்தில் வந்தன என்று சொல்ல மாட்டேன். வந்த இடங்களில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில், பெண்கள் கல்லூரி ஒன்றின் மலரை வாசிக்கும் உங்களுக்கு ஒரு விடயத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பிள்ளைக்காம்பரா நம்பத்தகுந்ததாக இல்லாத தோட்டத்தில் தாய் யாரை நம்புவாள்? எட்டு, ஒன்பது வயது மூத்த மகளை. தம்பியைத் தூக்கிவைத்திருப்பதற்காகப் பாடசாலையிலிருந்து மறிக்கப்பட்ட அக்காமார் எத்தனை பேர் என்பதற்கு எந்த இடாப்பிலும் கணக்கில்லை. சின்னப் பிள்ளைக்கு ஒரு நல்ல இடம் அமைத்துக் கொடுக்கும்போது, அவளுடைய அக்காவுக்கும் வகுப்பறையில் ஓரிடம் கிடைக்கிறது. பெண் கல்வியின் வரலாற்றைப் பிள்ளைக்காம்பராவை விட்டுவிட்டு எழுத முடியாது.

இலவசக் கல்வி தொடங்கிய இடம்

1945ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதியிலிருந்து, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. அந்தக் கொடையின் பிள்ளைகள் நாங்கள். நான் வைத்தியரானது அதனால்தான். இம்மலரை வெளிநாடுகளில் வாசிக்கும் உங்களிற் பலர் அங்கு சென்றடைந்ததும் அதனால்தான். ஆனால் அந்தக் கொடை ஐந்து வயதில் தொடங்குகிறது. இன்று 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதற்கு முந்திய முன்பள்ளிக்கு அத்தகைய உறுதி இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதல்ல. சுகாதாரப் பக்கத்தில் நிறையவே செய்தது. 1973இல் திரிபோஷாத் திட்டம் ஆரம்பமாயிற்று. சோளமும் சோயாவும் கலந்த அந்த மா கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் இலவசமாக வழங்கப்பட்டது. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிடித்த திரிபோஷா உருண்டையின் சுவை எங்கள் தலைமுறைக்கு நன்கு தெரியும். ஒரு பிள்ளைக்கென்று வந்த பொதி வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கிடப்படும் என்பதும் ஒவ்வொரு குடும்பநல மாதுவுக்கும் தெரியும். பசித்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் உணவூட்டும்படி தாய்க்குக் கட்டளையிட முடியாது. 1978இல் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. வளர்ச்சி வரைபடம் கொண்ட குழந்தைச் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு தாயின் கைக்கு வந்தது. நிறை பார்க்கும் நாளில், பிள்ளையின் புள்ளி பச்சைக்கோட்டிலா செம்மஞ்சளிலா என்று தாய்மார் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பதை நாடெங்கும் காணலாம்.

கல்விப் பக்கத்தில் பாரத்தைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் தொண்டர்களே. 1944இல் மரியா மொன்ரிசோரி இலங்கைக்கு வந்து பயிற்சி அளித்தார். அவரது முறை முதலில் நகரத்துக் கன்னியர் மடங்களிலும் வசதியுள்ள குடும்பங்களிலும் இடம்பிடித்தது. கிராமங்களுக்கு முன்பள்ளியைக் கொண்டுசென்றதில் சர்வோதய இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தாய்மார் குழுக்களை அமைத்து, அதே ஊர்ப் பெண் ஒருவருக்குப் பயிற்சி அளித்து, அவர் கையில் முன்பள்ளியை ஒப்படைத்தார்கள். வடக்கில் சனசமூக நிலையங்களின் ஓரத்தில், வாசிகசாலையின் பின்னறையில், கோயில் மடத்தில், தேவாலய மண்டபத்தில் பாலர் பாடசாலைகள் முளைத்தன. 1979ஆம் ஆண்டு சர்வதேசச் சிறுவர் ஆண்டையொட்டிச் சிறுவர் செயலகம் உருவாயிற்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பின்னர் முன்பள்ளிகள் மாகாண சபைகளின் கீழ் வந்தன. 2004இல் முன்பிள்ளைப் பருவப் பராமரிப்பும் அபிவிருத்தியும் பற்றிய தேசியக் கொள்கை வெளியாயிற்று.

போர்க்காலத்தைப் பற்றி ஒரு பந்தியாவது எழுதியாக வேண்டும். 1990இன் பின்னர் வடக்கில் பொருளாதாரத் தடையிருந்த காலத்திலும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோதும், மரநிழலிலும் முகாம் கொட்டில்களிலும் முதலில் மீண்டும் தொடங்கியவற்றுள் பாலர் வகுப்புகளும் உண்டு. பெரிய பாடசாலைக்குக் கட்டடம், நேரசூசி, திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பாலர் வகுப்புக்கு ஒரு பாய், ஒரு பாட்டு, பொறுமையுள்ள ஓர் அக்கா போதும். அந்த அக்காமாரிற் பலர் உயர்தரம் முடித்துவிட்டு மேலே செல்ல வழியற்று நின்ற இளம் பெண்கள். எமது கல்லூரியின் பழைய மாணவிகளும் அவர்களுள் இருந்தார்கள். அவர்களுக்குப் பதக்கமோ ஓய்வூதியமோ இல்லை.

பயன் உண்டா?

"சின்னப் பிள்ளைகள் விளையாடுவதற்கு இவ்வளவு செலவா?" என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கான பதிலை இரண்டு ஆய்வுகள் தருகின்றன.

முதலாவது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலான்ரி என்ற ஊரில் 1962 முதல் 1967 வரை நடைபெற்றது. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகள். ஒரு பகுதியினர் முன்பள்ளிக்கு வந்தார்கள். ஆசிரியர் வாரந்தோறும் அவர்களுடைய வீட்டுக்கும் சென்றார். மறுபகுதியினருக்கு அது கிடைக்கவில்லை. நாற்பது வயது வரை இவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். முன்பள்ளிக்குச் சென்றவர்களில் கூடுதலானோர் உயர்தரப் பாடசாலையை முடித்திருந்தார்கள், கூடுதலாக உழைத்தார்கள், குறைவாகவே பொலிசில் அகப்பட்டார்கள். அதே நாட்டில் 1965 கோடையில் ஜோன்சன் ஜனாதிபதியின் அரசு "ஹெட் ஸ்ராட்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் முதற் கோடையிலேயே சேர்ந்தார்கள். அதைத் திட்டமிட்ட குழுவின் தலைவர் றொபேர்ட் குக் என்ற குழந்தை வைத்தியர். ஆகவே பாடத்தோடு உணவு, பற்பரிசோதனை, தடுப்பூசி, பெற்றோரின் பங்கேற்பு ஆகியவையும் அதில் அடங்கின. எட்டு வாரத்தில் வறுமையை வெல்லலாம் என்ற முதல் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. ஆனால் அத்திட்டம் நிலைத்துவிட்டது.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. எமது நாட்டுக்கு நெருக்கமானது. ஜமேக்காவின் தலைநகரான கிங்ஸ்ரனில் வைத்தியர் சலி கிரந்தம்-மக்கிரகரும் அவரது குழுவினரும் 1986 முதல் செய்த ஆய்வு அது. வயதுக்கேற்ற உயரமற்ற, 9 முதல் 24 மாத வயதுடைய 129 குழந்தைகள். சிலருக்குப் பால்மா, சிலருக்கு விளையாட்டு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வழமையான கவனிப்பு மட்டும். விளையாட்டு என்றால் விலைகூடிய பொருட்கள் அல்ல. வைத்தியராகவோ ஆசிரியராகவோ இல்லாத உள்ளூர்ச் சுகாதார உதவியாளர் ஒருவர் வாரம் ஒரு மணித்தியாலம் வீட்டுக்குச் சென்று, வீட்டிலுள்ள பழைய பொருட்களில் செய்த விளையாட்டுப் பொருட்களைக் கொண்டு பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிக் கதைப்பது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் மட்டும். இருபது ஆண்டுகளின் பின்னர், விளையாட்டுப் பெற்ற குழுவினர் மற்றவர்களைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 25 வீதம் கூடுதலாக உழைத்தார்கள். பால்மா மட்டும் பெற்றவர்களில் அந்த நீண்டகாலப் பயன் தென்படவில்லை.

உணவு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். மெலிந்த பிள்ளைக்கு உணவு இல்லாமல் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில், 1982இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இரண்டு வயதுப் பிள்ளைகளையும் அதிற் சேர்த்த எம். ஜி. ராமச்சந்திரன், நமது நாவலப்பிட்டியில் பிறந்து இளமையில் பசியை அறிந்தவர். ஆயினும் உணவு பாதிதான். பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒருவர் கதைப்பதும், அவள் சொல்லும் மழலைக்கு மறுமொழி சொல்வதும் மற்றப் பாதி. களைத்துப் போய் வீடு திரும்பும் தாயிடம் அந்த மற்றப் பாதியையும் நீயே செய் என்று அறிவுரை கூறுவது எளிது. அவளுக்குத் துணையாக ஒருவரை அனுப்புவதே உதவி.

இன்றைய நிலையும் நாமும்

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். பெருந்தோட்டத் துறையில் அது ஏறத்தாழ 32. கர்ப்பிணிகளுக்கு 20,000 ரூபாய்ப் போசாக்குப் பொதி 2015இல் வந்தது. அதற்குப் பின் 2022இன் பொருளாதார நெருக்கடி. பால்மாவுக்கு வரிசை; முட்டை எட்டாத விலை; சோளம் கிடையாமல் திரிபோஷாவின் உற்பத்தியும் தடைப்பட்டது. அக்காலத்தில் கருவில் இருந்தவர்களும் கைக்குழந்தைகளாக இருந்தவர்களும் இப்போது முன்பள்ளி வயதினர். எமது கல்லூரி உட்பட எல்லாப் பாடசாலைகளின் முதலாம் வகுப்புகளுக்கும் அவர்களே வரப்போகிறார்கள்.

நாட்டில் ஏறத்தாழ 19,000 முன்பள்ளிகள் உண்டு. அவற்றிற் பெரும்பாலானவை அரசினுடையவை அல்ல. ஆசிரியர்கள் ஏறக்குறைய அனைவரும் பெண்கள். பெற்றோர் கொடுக்கும் கட்டணத்திலிருந்தே பலருக்குச் சம்பளம். வறிய ஊரில் கட்டணம் குறைவு, ஆகவே சம்பளமும் குறைவு. உதவி மிகவும் தேவைப்படும் பிள்ளைக்கு, மிகக்குறைந்த ஊதியம் பெறும் ஆசிரியரே கிடைக்கிறார். சில மாதங்களில் அவரும் ஆடைத்தொழிற்சாலைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால் குறைகூற முடியுமா?

எமது சங்கத்தின் கிளைகள் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இயங்குகின்றன. கல்லூரிக்குக் கணினி அறையும் நூலகமும் மண்டபமும் தந்தீர்கள். நன்றி மறக்க முடியாதது. இந்த நூற்றாண்டில் கல்லூரி மதிலுக்கு வெளியேயும் ஒரு பார்வை வேண்டும் என்று பணிவுடன் கேட்கிறேன். கட்டடம் கட்டச் சொல்லவில்லை. கல்லூரியைச் சுற்றியுள்ள வறிய ஊர்களின் முன்பள்ளிகளில் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, ஆசிரியர் ஒருவருக்கு மாதாந்தக் கொடுப்பனவும் டிப்ளோமாப் பயிற்சிக்கான செலவும் ஐந்து ஆண்டுகளுக்குத் தடையின்றிக் கிடைக்க வழிசெய்யலாம். திறப்பு விழாவும் பெயர்க்கல்லும் அதற்கு இல்லை. ஆனால் ஒரே ஆசிரியர் ஐந்து ஆண்டுகள் ஓரிடத்தில் நிலைத்திருப்பது, எந்தக் கட்டடத்தையும்விடப் பிள்ளைகளுக்குப் பெரிது.

நம்மிடையே உள்ள வைத்தியர்களும் பல்வைத்தியர்களும் ஆண்டுக்கு ஒருமுறை அங்கு சென்று, சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தோடு இணைந்து, கண், காது, பல் பரிசோதனை செய்யலாம். காது சரியாகக் கேளாத பிள்ளையை "மந்தம்" என்று ஒதுக்கிவிடும் துயரத்தை அது தடுக்கும். ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் வாரம் ஒரு மணித்தியாலம் கதை சொல்லப் போகலாம். சிரட்டையும் பனங்கொட்டையும் துணித்துண்டும் வைத்து விளையாட்டுப் பொருள் செய்யக் கற்றுக்கொடுக்கலாம். ஜமேக்காவில் அந்த ஒரு மணித்தியாலம் என்ன செய்தது என்று மேலே கண்டோம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் களுத்துறையில் வீடு வீடாக நடந்த மருத்துவிச்சியின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டிய ஆயாவின் பெயரையும், முகாமில் பாலர் வகுப்பு நடத்திய அக்காவின் பெயரையும் யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களால் உயிர்தப்பி வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று எமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அப்பணியில் எமக்கும் ஒரு பங்கு கிடைப்பதாக. கல்லூரி அன்னையும் அவள் வளர்த்த சங்கமும் பல்லாண்டு வாழ வாழ்த்துகிறேன்.